வீட்டிலேயே பூட்டு வைத்த மடக்குக் கத்தி செய்ய எந்த எஃகு நல்லது?

மடங்காத கத்தி ஒன்றிரண்டு செய்து கை பழகியவர் நீங்கள் என்று வைத்துக்கொள்கிறேன். எஃகுக்குக் கடைசியில் வருகிறேன். மடக்குக் கத்தியில் விரலைக் காப்பாற்றுவது எஃகு இல்லை, திறந்த பிளேடு மடங்கிவிடாமல் தடுக்கும் பூட்டு. எல்லோரும் எஃகையே கேட்பதைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் தான் செய்த லைனர் லாக் கத்தியைக் கொண்டுவந்தார். கைப்பிடிக்குள் இருக்கும் மெல்லிய உலோகத் தகடு வளைந்து வந்து, திறந்த பிளேடின் அடியில் முட்டி நிற்கிற பூட்டுதான் லைனர் லாக். எஃகை அடுக்கடுக்காகச் சேர்த்த டமாஸ்கஸ் பிளேடு, கண்ணைப் பறிக்கிற பாலிஷ். திறந்து, விரல்களை வெட்டுவாய்க்கு எட்டாமல் பிடித்துக்கொண்டு, பிளேடின் முதுகைக் கட்டைவிரலால் அழுத்தினேன். பூட்டு வழுக்கி, பிளேடு மடங்கிவிட்டது.

"கோணம் 8 டிகிரி, சரியாத்தானே அண்ணா வெச்சிருக்கேன்?" என்றார்.

கோணம் சரிதான். பிளேடின் அடிப்பகுதியில் பூட்டு வந்து உட்காரும் முகத்தை 7 முதல் 10 டிகிரிக்குள்தான் பெரும்பாலும் சாய்ப்பார்கள். சாய்வு கூடினால் நழுவும், குறைந்தால் சிக்கிக்கொள்ளும். கோளாறு பிவட் துளையில், அதாவது பிளேடு சுழலும் அச்சு ஆணி போகிற துளையில் இருந்தது. டிரில் போட்டதோடு விட்டிருந்தார், துளையைத் துல்லியமான அளவுக்குக் கொண்டுவரும் ரீமர் விடவில்லை. துளை தளர்ந்தால் பிளேடு ஆடும், ஆடினால் நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த கோணம் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் போய் உட்காரும். பதம் போட்டுக் கடினமாகிவிட்ட பிளேடில் சாதாரண ரீமர் ஏறாது. அதனால் நடுவில் மட்டும் மயிரிழை பருத்த புது பிவட்டை லேத்தில் கடைந்து போட்டேன். ஆட்டம் நின்றது.

அப்புறம் பூட்டு முகம். அதில் மார்க்கர் மையைப் பூசி, திறந்து மூடிப் பார்த்தோம். மை அழிந்த இடம்தான் பூட்டு உண்மையில் தொடுகிற இடம். அது பிவட்டுக்கு எட்ட இருக்கும் ஓரத்தில் வர வேண்டும். இவருடையதில் பிவட்டை ஒட்டி அழிந்திருந்தது. கழற்றி, பூட்டின் நுனியை நுண்ணிய அரத்தால் ஓர் இழுப்பு, திரும்ப மாட்டி மை, திரும்பக் கழற்றல். அன்று சாயங்காலம் முழுக்க இதேதான். வீடியோக்களில் இந்த வேலையை வெட்டிவிட்டு இசையைப் போட்டுவிடுகிறார்கள். செய்கிறவர்களும் அதைப் பார்த்துத்தான் கற்கிறார்கள்.

"ஃபிரேம் லாக்தான் உறுதி, பின்பூட்டை விட்டுவிட்டீர்களே" என்று யாராவது வருவார்கள். இரண்டும் வேறு வகைப் பூட்டுகள், நான் எதையும் மட்டம் தட்டவில்லை. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கத்திக் கலைஞர் மைக்கேல் வாக்கர் கைப்பிடியின் முதுகில் இருந்த ஸ்பிரிங்கையே நீக்கிவிட்டு, பிளேடு மூடியிருக்கும்போது பிடித்துக்கொள்ள ஒரு சின்ன உருண்டையை வைத்து லைனர் லாக்கை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். கையால் செய்பவருக்கு எட்டுகிற வடிவம் அது. அதனால்தான் அதைச் சொல்கிறேன்.

   

சரி, எஃகு. வீட்டிலேயே பதம் போடப் போகிறீர்கள் என்றால் ஓ1 என்ற கருவி எஃகு போதும். எண்ணெயில் முக்கினால் கடினமாகும், அப்புறம் மிதமான சூட்டில் பதப்படுத்தலாம். துரு பிடிக்கும், துடைத்து எண்ணெய் தடவ வேண்டும். துருப்பிடிக்காத எஃகுதான் வேண்டும் என்றால் பதம் போடுகிறவர்களிடம் கொடுத்து, கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 58 முதல் 61 வரை கேளுங்கள். கொடுப்பதற்கு முன்பே பிவட் துளைக்கு ரீமர் விட்டுவிடுங்கள். பூட்டு முகத்தை மட்டும் கொஞ்சம் கூடுதலாக விட்டு வையுங்கள். கடைசிப் பொருத்தம் பதம் போட்ட பிறகுதான்.