சைக்கிள் கேள்வி – பதில்: உயரமானவருக்கு எந்த ஃப்ரேம்?

கேள்வி: என் உயரம் 6 அடி 3 அங்குலம். ‘எல்’ அளவு ஹைபிரிட் சைக்கிள் ஓட்டுகிறேன். சீட்டை, அதைத் தாங்கும் தண்டில் போட்டிருக்கும் எல்லைக் கோடு வரை ஏற்றியும் முழங்கால் மடங்கியே இருக்கிறது; அரை மணி நேரத்தில் உள்ளங்கை மரத்துவிடுகிறது. நீளமான சீட் போஸ்ட் (அந்தத் தண்டு) போட்டால் சரியாகுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: முழங்காலுக்கு நிம்மதி கிடைக்கும், கை மரத்துப்போவது அதிகமாகும். சீட் போஸ்ட் நெட்டுக்குத்தாக நிற்பதில்லை, தரையோடு சுமார் 73 டிகிரியில் பின்பக்கம் சாய்ந்திருக்கும். 8 செ.மீ. ஏற்றினால் சீட் 2.3 செ.மீ. பின்னாலும் போகும். ஹேண்டில்பார் இருந்த இடத்திலேயே இருப்பதால் முதுகு வளைந்து, உடம்பின் பாரம் கையில் இறங்கும். மேடு ஏறும்போது முன்சக்கரமும் லேசாகிவிடும்.

முதலில் அளவெடுங்கள். செருப்பில்லாமல் சுவரோடு முதுகை ஒட்டி நின்று, கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கால்களுக்கு இடையே அழுத்தம் தெரியும்வரை மேலே தூக்கிப் பிடியுங்கள். அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை உள்ள நீளத்தை 0.883 ஆல் பெருக்குங்கள். 91 செ.மீ. என்றால் 80.4 வரும். கிராங்க் (பெடல் பொருத்தியிருக்கும் கை) சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பரப்புவரை அவ்வளவு இருக்கட்டும். மிதிக்கும்போது இடுப்பு ஆடினால் சில மி.மீ. இறக்குங்கள்.

அந்த உயரத்தில் எல்லைக் கோடு வெளியே தெரிந்தால் தயவுசெய்து ஓட்டாதீர்கள், சீட் டியூபின் (போஸ்ட் நுழையும் ஃப்ரேம் குழாய்) வாயில் விரிசல் விழும். நீளமான போஸ்டும் மேல்பார் சேரும் இடத்துக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். விட்டம் (27.2, 30.9, 31.6 மி.மீ.) போஸ்டிலேயே பொறித்திருக்கும். 31.6 ஃப்ரேமில் 30.9 போஸ்டைப் போட்டு எவ்வளவு இறுக்கினாலும் நழுவும்.

உங்களுக்கு நிரந்தரத் தீர்வு பெரிய ஃப்ரேம்தான். ஆனால் ‘எக்ஸ்எல்’ என்ற எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம். மேல்பார் சரிவாக வரும் ஃப்ரேம்களில் சீட் டியூப் நீளமும் உதவாது. தயாரிப்பாளரின் அளவுப் பட்டியலில் ஸ்டாக், ரீச் இரண்டையும் பாருங்கள். கிராங்க் அச்சிலிருந்து ஹெட் டியூபின் (ஃப்ரேமின் முன்பக்கக் குழாய்) உச்சிவரை செங்குத்து உயரம் ஸ்டாக். கிடைமட்டத் தூரம் ரீச். நீளக் கால்காரருக்கு ஸ்டாக்தான் முக்கியம். ரீச் குறைந்தால் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மை 2 செ.மீ. நீளமாக்கிச் சமாளிக்கலாம். ஸ்டாக் குறைந்தால் ஸ்டெம்முக்குக் கீழே ஸ்பேசர் வளையங்களை அடுக்க வேண்டும், அதற்கு ஹெட் டியூப் வழியே மேலே வரும் ஃபோர்க் தண்டில் மிச்ச நீளம் வேண்டும். வெட்டிய தண்டு வளராது. ஹெட் டியூபும் சாய்ந்திருப்பதால், 3 செ.மீ. ஸ்பேசர் ஏற்றினால் ஹேண்டில்பார் சுமார் 9 மி.மீ. பின்னால் வந்துவிடும்.

கேள்வி: உயரமானவர் 170 மி.மீ. கிராங்க்கை 175 ஆக்கலாமா?

பதில்: ஆக்கலாம், ஆனால் ஃப்ரேம் சிறிதாக இருக்கும் குறையை அது தீர்க்காது. மாற்றியதும் சீட்டை 5 மி.மீ. இறக்க வேண்டும், பெடல் மேலே வரும்போது முழங்கால் முன்பைவிட அதிகம் மடங்கும். முழங்கால் வலி இருப்பவர் 170‑லேயே இருப்பது நல்லது.