ஆஃப் நாளிலும் தீராத அசதி: வேலையை விட்டுவிடட்டுமா?

கேள்வி: குடியாத்தத்திலிருந்து தினமும் வேலூருக்கு பஸ்ஸில் வந்து போகும் ஸ்டாஃப் நர்ஸ் நான். வயது 36. கொரோனா இரண்டாம் அலை முழுக்க ஐசியூ டூட்டி பார்த்தேன். அப்போது தாங்கிவிட்டேன், அதற்குப் பிறகுதான் முடியவில்லை. யூனிஃபார்மைக் கையில் எடுத்தாலே நெஞ்சு அடைக்கிறது. நோயாளியின் அட்டெண்டர் ஒரே கேள்வியை மறுபடி கேட்டால் எரிந்து விழுகிறேன். நாள் முழுக்கத் தூங்கினாலும் அசதி போகவில்லை. வீட்டில், 'எல்லாரும்தான் வேலைக்குப் போறாங்க' என்கிறார்கள். இது மனநோயா? ரிசைன் பண்ணிவிடட்டுமா?

பதில்: சிஸ்டர், உங்களுக்கு வந்திருப்பது சோம்பல் இல்லை. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் பணிச்சோர்வு, அதாவது 'பர்ன் அவுட்' போலத் தெரிகிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதற்கு மூன்று அடையாளங்களைச் சொன்னது: சக்தி வற்றிப்போவது, வேலை மீதே வெறுப்பும் விலகலும் வருவது, 'நான் செய்வது எதுவும் உருப்படியாக இல்லை' என்று தோன்றுவது. இதை அந்த நிறுவனம் நோய் என்று சொல்லவில்லை, பணியிடம் சார்ந்த பிரச்சினை என்றே வகைப்படுத்தியது. அட்டெண்டரிடம் எரிந்து விழுவது உங்கள் குணம் கெட்டுப்போனதால் அல்ல. அது இரண்டாவது அடையாளம்.

'அப்போது தாங்கிவிட்டேன்' என்கிறீர்கள். 2021 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் அலை உச்சத்தில் இருந்ததும் வேலூரில் கத்திரி வெயில் கொளுத்தியதும் ஒரே நேரத்தில். பிபிஇ கிட்டுக்குள் மணிக்கணக்கில் தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கிக்கொண்டு, மூக்குத்தண்டில் முகக்கவசம் அழுத்திய புண்ணோடு நின்றிருப்பீர்கள். கடைசி மூச்சில் இருந்தவரின் முகத்துக்கு நேரே செல்போனைப் பிடித்து, மறுமுனையில் பிள்ளைகள் கதறுவதைக் கேட்டிருப்பீர்கள். ஆபத்து நேரத்தில் உடம்பு எல்லாவற்றையும் ஒத்திப்போட்டு ஓடும். ஓட்டம் நின்ற பிறகுதான் வலி தெரியும். ஒரு படுக்கைக்கு இரண்டு பேர் காத்திருந்த நாட்களின் உறுத்தலும் இதில் சேர்ந்திருக்கலாம். அந்தக் காட்சிகள் கனவில் திரும்பத் திரும்ப வந்தாலோ, மானிட்டர் அலாரம் கேட்டதும் உடம்பு நடுங்கினாலோ அது பணிச்சோர்வைத் தாண்டியது. அதற்கென்று தனி சிகிச்சை உண்டு.

முதலில் உடம்பைப் பாருங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு இரண்டையும் சோதியுங்கள். தேசிய குடும்பநல ஆய்வின்படி (2019–21) நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஊருக்கெல்லாம் ரத்தம் எடுக்கும் நர்ஸ்கள் தங்கள் ரத்தத்தைப் பார்ப்பதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம். படியேறும்போதும் நெஞ்சு அடைத்தால் ஈசிஜியும் எடுத்துவிடுங்கள்.

அப்புறம், மனச்சோர்வு நோயா என்று பார்க்க வேண்டும். பிள்ளையோடு இருக்கும்போது, தங்கை வீட்டு விசேஷத்தில், உங்களால் சிரிக்க முடிகிறதா? முடிந்தால் பிரச்சினை பெரும்பாலும் டூட்டியில்தான். எங்கே போனாலும் எதிலும் பிடிப்பில்லை, பசி தூக்கம் கெட்டுவிட்டது, இரண்டு வாரமாக இதே நிலை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம், பாகாயத்தில் சிஎம்சி மனநல மையமும் இருக்கிறது. கூட வேலை செய்பவர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயந்தால், நீங்கள் வேலை செய்யாத இடமாகப் பார்த்துப் போங்கள். 2017 மனநலச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும். செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒரு நொடி வந்தாலும் காத்திருக்காமல் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணைக் கூப்பிடுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

இனி முக்கியமான விஷயம். யோகா, மூச்சுப்பயிற்சி நல்லதுதான். ஆனால் சோர்வு டூட்டியிலிருந்து வருகிறது என்றால் டூட்டி மாறாமல் அது முழுசாகத் தீராது. மருத்துவர்களிடையே நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், தனி ஆளுக்குக் கொடுத்த பயிற்சிகளைவிட வேலை முறையை மாற்றியதுதான் கூடுதல் பலன் தந்தது. அதனால் நர்சிங் சூப்பரிண்டெண்டிடம் 'ரொம்ப ஸ்ட்ரெஸ்ஸா இருக்கு மேடம்' என்று மட்டும் சொல்லாதீர்கள், 'லீவு போட்டுக்கோ' என்று முடித்துவிடுவார்கள். திட்டவட்டமாகக் கேளுங்கள்: தொடர்ந்து இரண்டு மூன்று நைட்டுக்கு மேல் வேண்டாம், நைட் முடிந்தால் முழு நாள் ஆஃப் வேண்டும், ஆறு மாதம் ஐசியூவிலிருந்து ஓபிக்கோ டயாலிசிஸுக்கோ மாற்றுங்கள். எழுதிக் கொடுங்கள். இதே நிலையில் இருக்கும் இன்னொரு சிஸ்டரையும் சேர்த்துக்கொண்டு போனால் பேச்சுக்கு எடை கூடும்.

வீட்டாருக்கு இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள். நைட் முடித்து வரும் நாளில் சமையல் உங்கள் பொறுப்பில்லை என்று வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஜன்னலுக்குத் தடித்த துணி போட்டு, போனை வேறு அறையில் வைத்துத் தூங்குங்கள்.

ரிசைன் பற்றி: நைட் டூட்டி ஓடும் வாரத்தில் முடிவெடுக்காதீர்கள். சேர்ந்திருக்கும் லீவை எடுத்து ஓய்ந்த பிறகு யோசியுங்கள். கேட்டது எதுவும் மூன்று மாதத்தில் நடக்கவில்லை என்றால் தாராளமாக விடலாம். அனுபவச் சான்றிதழைப் பற்றி முன்கூட்டியே பேசிவைத்து, அடுத்த இடத்தில் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி, மாதத்துக்கு எத்தனை நைட் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கடிதம் கொடுங்கள்.