யாழ்ப்பாணத்தில் எதைப் பார்ப்பது, எதை விடுவது?

இங்கேயே பிறந்து வளர்ந்தவன். வருகிற சொந்தக்காரரைக் கூட்டிக்கொண்டு சுற்றுவதே அரைத் தொழிலாகிவிட்டது. கேளுங்கள்.

ஒரு நாள்தான் இருக்கிறது அண்ணா. நயினாதீவு, நெடுந்தீவு இரண்டும் பார்க்கலாமா?

வேண்டாம் தங்கச்சி. இரண்டுக்கும் குறிகட்டுவான் இறங்குதுறையில்தான் படகு ஏறுவது, அதனால் எல்லாருக்கும் இந்த ஆசை வரும். நயினாதீவுக்குப் படகு அடிக்கடி உண்டு, கால் மணி நேரம் போதும். நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும், படகும் நாளுக்குச் சிலதான். திரும்பும் படகைத் தவறவிட்டால் இரவு அங்கேதான்! நெடுந்தீவுக்கென்று முழு நாளை ஒதுக்குங்கள். காலை முதல் படகில் போய், இறங்கியதும் ஆட்டோ ஒன்றைப் பேசிக்கொள்ளுங்கள். சாந்து பூசாமல் முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறைக் கல்லை, அடுக்கியே கட்டிய வேலிகள், பெருக்குமரம் (பேயோபாப்), வெட்டவெளியில் மேயும் குதிரைகள் எல்லாம் பார்க்கலாம். தொப்பியும் தண்ணீரும் மறக்க வேண்டாம், நிழல் குறைவு.

அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். நாகபூஷணி அம்மனைக் கும்பிட வேண்டும் என்கிறா.

அந்தக் கோயில் நயினாதீவில், இறங்குதுறைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, நடை பிரச்சினையில்லை. படகில் ஏறுவதுதான் பாடு. துறையிலிருந்து ஆடுகிற படகுக்குள் காலை வைத்து, குனிந்து கீழே இறங்க வேண்டும். எங்கள் பெரியம்மாவை ஒருவர் மேலே நின்றும் ஒருவர் உள்ளே நின்றும் பிடித்துத்தான் இறக்கினோம். சோளகம் என்கிற தென்மேல் காற்று அடிக்கும் மாதங்களில் கடல் கொந்தளிக்கும், அப்போது கூட்டிப்போக நான் துணிய மாட்டேன்.

பிள்ளைகள் குளிக்க வேண்டுமாம். கசூரினாவா, கீரிமலையா?

சின்னப் பிள்ளைகள் என்றால் காரைநகர் கசூரினா. கடலுக்குள் நெடுந்தூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. கீரிமலை கேணி நன்னீர், கடல் அலை அடிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஊறுகிறது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணி என்பதால் குடும்பமாகக் குளிக்க முடியாது. ஆடி அமாவாசையன்று அந்தப் பக்கமே போகாதீர்கள், பிதிர்க்கடன் செய்ய வருகிற கூட்டம் தாங்காது.

கோட்டையா, நூலகமா?

நடந்து போகிற தூரம்தான், இரண்டும் பார்க்கலாம். பின்னேரம் முதலில் நூலகத்துக்குப் போங்கள். 1981இல் எரிந்தபோது 97,000 நூல்கள் போயின. வெள்ளைக் கட்டடத்தின் முன்னால் சரஸ்வதி சிலை இருக்கிறது, அங்கே கொஞ்ச நேரம் நில்லுங்கள். அப்புறம் கோட்டை மதில்மேல் ஏறினால் களப்புக்குப் பின்னால் சூரியன் இறங்குவது வடிவாகத் தெரியும். உள்ளே பெரும்பாலும் இடிபாடுதான், ஏமாந்துவிடாதீர்கள்.

நல்லூர்க் கந்தசாமி கோயிலுக்கு எப்போது போவது?

பூசை நேரம் பார்த்துப் போங்கள், அங்கே மணி பிந்தாது. ஆண்கள் மேற்சட்டை கழற்ற வேண்டும், உள்ளே படம் எடுக்க முடியாது. ஆவணித் திருவிழா 25 நாள், தேரன்று வருகிறீர்கள் என்றால் தங்குமிடத்தை முன்கூட்டியே பிடித்துவிடுங்கள்.

நிலாவரைக் கிணறு?

புத்தூர்ப் பக்கம் போகிறீர்கள் என்றால் பத்து நிமிடம் இறங்கிப் பாருங்கள். மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு. அதற்கென்று தனியாக வண்டி பிடிக்க வேண்டாம்.