பழைய அறிவியல் புனைகதைத் தொடரை மீண்டும் தொடங்கினால் ரசிகர்கள் ஏன் பதறுகிறார்கள்?

புதிய ஆக்கம் வருகிறது என்றால் ரசிகர்கள் மகிழத்தானே வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். மகிழ்கிறார்கள்; ஆனால் ஆண்டுக்கணக்கில் நேசித்த நிகழ்வுகள் நடக்காதவையாகிவிடுமோ என்றும் அஞ்சுகிறார்கள். 2009இல் வெளியான ‘ஸ்டார் டிரெக்’ திரைப்படம் இந்த அச்சத்தை மதித்தது: லெனார்ட் நிமோய் நடித்த பழைய தொடரின் பாத்திரமான ஸ்பாக் முதியவராக எதிர்காலத்திலிருந்து வந்து சேர, கதை வேறொரு காலக்கோட்டில் பிரிந்ததால், 1966இல் தொடங்கிய அந்தத் தொலைக்காட்சித் தொடரின் வரலாறு அழியாமல் நின்றது. தோற்ற மாற்றத்தைவிட மூலக்கரு கைவிடப்படுவதே கவலைக்குரியது என்பது என் உறுதியான கருத்து. 1978இல் வந்த மூலத் தொடரில் ஆணாக இருந்த ஸ்டார்பக் என்ற பாத்திரத்தை 2003இல் வந்த மறுஆக்கமான ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’ பெண்ணாக்கியபோது எதிர்ப்பு எழுந்தது. ஆயினும் அழிவிலிருந்து தப்பிய எஞ்சிய மனிதர்கள் புகலிடம் தேடும் அக்கருவை முன்னிலும் தீவிரமாகக் கையாண்டதால், அதே பாத்திரத்தைப் பலரும் மனமார ஏற்றுக்கொண்டார்கள்.