'நார்மல்' இ.சி.ஜி.யில் இன்னும் என்ன பார்க்கலாம்?

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் தறி ஓட்டுகிறேன். வயது 58. பத்து வருடமாக பி.பி. மாத்திரை சாப்பிடுகிறேன். இ.சி.ஜி. நார்மல். எக்கோ என்ற இதய ஸ்கேனில் இடது மேலறை 43 மி.மீ. என்று இருக்கிறது. இதயம் தாறுமாறாகத் துடித்து என் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. எனக்கும் வருமா என்று இந்த டெஸ்ட்களே சொல்லிவிடுமா?

பதில்: உறுதியாகச் சொல்லாது, ஆனால் துப்புக் கொடுக்கும். இ.சி.ஜி. சுமார் 10 விநாடித் துடிப்பைத்தான் பதிகிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இந்தத் தாறுமாறான துடிப்பு ஆரம்பத்தில் வந்து வந்து போகும். அந்த 10 விநாடியில் சிக்காமல் போவது சகஜம்.

அதனால் 'நார்மல்' என்ற சொல்லோடு நிறுத்தாமல், உங்கள் டாக்டரிடம் பி அலையைப் பார்க்கச் சொல்லுங்கள். மேலறைகளில் மின்தூண்டல் பரவுவதன் பதிவு அது. தாளில் ஒரு சின்னக் கட்டம் 0.04 விநாடி. பி அலை மூன்று கட்டத்துக்கு மேல் அகன்றோ இரட்டை மேடாகவோ இருந்தால், மேலறையில் மின்தூண்டல் தாமதமாகிறது என்று பொருள். மேலறையிலிருந்து முந்திக்கொண்டு வரும் துடிப்புகள் அடிக்கடி தெரிந்தாலும் கவனிக்க வேண்டும்.

எக்கோவில் உள்ள 43-ஐ நான் அலட்சியப்படுத்த மாட்டேன். ஆண்களுக்கு 40 வரை சரி. பல வருட பி.பி.யால் கீழறைச் சுவர் தடித்து விறைக்கிறது. அதை நிரப்பத் திணறும் மேலறை விரிகிறது, அதன் தசைக்கு நடுவே தழும்பு படிகிறது. தழும்பில் மோதி மின்தூண்டல் சிதறும்போதுதான் துடிப்பு குழம்புகிறது. ஒரே குறுக்களவு ஏமாற்றும் என்பதால் மேலறையின் கொள்ளளவையும் கேளுங்கள்: உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 34 மி.லி. வரை இயல்பு. இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மைட்ரல் வால்வு சுருங்கியிருக்கிறதா என்பதும் முக்கியம். இருந்தால் சிகிச்சையே வேறு.

அடுத்து, உடலில் மாட்டிக்கொண்டு 24 மணி நேரமும் துடிப்பைப் பதியும் ஹோல்டர் டெஸ்ட் எடுப்பது நல்லது. படபடப்பு வாரம் ஒருமுறைதான் வருகிறது என்றால் ஒரு நாள் போதாது, கூடுதல் நாள் கேளுங்கள். தைராய்டு ரத்தப் பரிசோதனையும் தேவை. குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருகிறதா என்று வீட்டில் உள்ளவர்களிடம் விசாரியுங்கள். தைராய்டு மிகுவதும் தூக்கத்தில் மூச்சு நிற்பதும் இந்தத் துடிப்பைத் தூண்டக்கூடியவை.

நாடியைத் தினமும் நீங்களே பார்க்கலாம். தறியை நிறுத்தி, ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு மணிக்கட்டில் முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் ஒழுங்கின்மை தெரியாது. அடுத்த துடிப்பு எப்போது வரும் என்றே ஊகிக்க முடியாதபடி இருந்தால், அந்த நேரத்திலேயே போய் இ.சி.ஜி. எடுங்கள். பி.பி.யை 130/80-க்குக் கீழே கொண்டுவருவதுதான் உங்கள் கையில் உள்ள பெரிய மருந்து. மது இருந்தால் விட்டுவிடுங்கள். ரத்தம் கட்டாமல் தடுக்க அண்ணனுக்குக் கொடுத்த மாத்திரையை நீங்களாக எடுக்க வேண்டாம். ஆஸ்பிரினும் அதற்கு ஈடாகாது.

வாய் கோணினாலோ, கை தொய்ந்தாலோ, பேச்சு குழறினாலோ 108-ஐ அழையுங்கள். மூளை ரத்தக்குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம்.

இ.சி.ஜி. தாளை லேமினேட் செய்யாதீர்கள், சூட்டில் கறுத்துவிடும். ஜெராக்ஸ் எடுத்து எக்கோவோடு சேர்த்து வையுங்கள்.