விலாவைக் கட்டிப் போடலாமா?

தண்டையார்பேட்டையில் மாலை நேர கிளினிக் நடத்தும் ஓய்வுபெற்ற உடற்கூறியல் பேராசிரியை, வாசகர் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.

கேள்வி: என் கணவர் காசிமேடு துறைமுகத்தில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றும் வேலை செய்கிறார். பத்து நாட்களுக்கு முன் கால் வழுக்கி, படகு விளிம்பில் வலது விலா மோதும்படி விழுந்துவிட்டார். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்றார்கள். ஆனால் இருமினால் உயிர் போகிறது என்கிறார். என் மாமியார் பழைய வேட்டியால் மார்பைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டார். கட்டு இருக்கலாமா?
– ஒரு வாசகி, காசிமேடு

பதில்: அம்மா, இதழைக் கீழே வைத்துவிட்டு முதலில் அந்த வேட்டியை அவிழ்த்துவிட்டு வாருங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

மாமியாரைக் கோபிக்க வேண்டாம். ஒரு காலத்தில் டாக்டர்களே அகலமான பிளாஸ்திரியை ஒட்டி விலாவை இறுக்கிக் கட்டியவர்கள்தான். கை முறிந்தால் கட்டுகிறோம், விலாவுக்கு மட்டும் ஏன் கூடாது என்பது நியாயமான கேள்வி. கையை ஆறு வாரம் அசைக்காமல் வைக்க முடியும். விலாவை ஆறு நிமிடம்கூட முடியாது. நிமிடத்துக்கு 15 முறை மூச்சு விடுபவரின் விலாக்கள் ஒரு நாளில் இருபதாயிரம் தடவைக்கு மேல் ஏறி இறங்குகின்றன. வாளியின் மேல் சாய்ந்து கிடக்கும் கைப்பிடியைத் தூக்கிப் பாருங்கள். மேலே வரும்போதே வெளிப்பக்கமாகவும் விலகும். கீழ் விலாக்கள் அப்படித்தான் அசைகின்றன. மேல் விலாக்கள் அடிபம்பின் கைப்பிடி போல உயர்ந்து, மார்பெலும்பை முன்னால் தள்ளும். பாடப்புத்தகத்திலும் இதே வாளி, இதே பம்புதான். அதை எழுதியவரும் நம்மைப் போல விடியற்காலையில் குழாயடியில் வரிசையில் நின்றவராக இருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

கட்டு போட்டால் மூச்சு மேலோட்டமாகிவிடும். நுரையீரலின் அடிப்பகுதி விரியாது, சளி தேங்கும், நிமோனியா வரும். விலாவில் அடிபட்டவருக்கு எலும்பைவிட இதுதான் பெரிய ஆபத்து.

எக்ஸ்ரே விஷயத்துக்கு வருகிறேன். விலா வளைந்த எலும்பு. ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழும்போது மெல்லிய கீறல் மறைந்துபோகும். அதோடு, விலாவின் முன்பகுதி எலும்பே அல்ல, குருத்தெலும்பு. நெஞ்செலும்பு சூப்பில் பல்லில் நறுக்கென்று கடிபடும் வெள்ளைத் துண்டு இருக்கிறதே, அதுதான். அதில் ஏற்படும் முறிவு எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. ஆகவே 'முறிவு இல்லை' என்பதைப் 'படத்தில் தெரியவில்லை' என்று எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணவரைப் பொறுத்தவரை இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றே.

இருமினால் உயிர் போவது ஏன்? இதை நான் அவமானப்பட்டுக் கற்றுக்கொண்டேன். முதலாண்டில் சீனியர் ஒருவரிடம் ஒரு பெட்டி எலும்பு விலைக்கு வாங்கிவந்து கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். அம்மா தினமும் அதன்மேல் விபூதி தூவிவிட்டுத்தான் பெருக்குவார். அதில் இருந்ததெல்லாம் எனக்கு மனப்பாடம், விலாவைத் தவிர. வாய்மொழித் தேர்வில் ஒரு விலாவைக் கையில் கொடுத்து, "வலதா, இடதா?" என்றார் தேர்வாளர். பிடித்துக் காட்டினேன். "உன் நோயாளி தலைகீழாக நிற்கிறாரா அம்மா?" என்றார்.

விலாவின் கீழ் விளிம்பு கூர்மையாக இருக்கும். அதன் உட்புறம் விரலால் தடவினால் ஒரு சிறு வாய்க்கால் தட்டுப்படும். அந்த வாய்க்கால் கீழே வரும்படி பிடிக்க வேண்டும். நான் மேலே பிடித்திருந்தேன். அதற்குள் மேலிருந்து கீழாக ஒரு சிரை, ஒரு தமனி, ஒரு நரம்பு என்று மூன்றும் ஓடுகின்றன. நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீரை எடுக்கும்போது ஊசியை விலாவின் மேல் விளிம்பை ஒட்டிக் குத்துவது இவற்றுக்குப் பயந்துதான். உங்கள் கணவரின் நரம்பு அடிபட்ட எலும்போடு ஒட்டிக்கொண்டே போகிறது. இருமும்போது எலும்பு உதறினால் அது சும்மா இருக்குமா?

வலி மாத்திரையை டாக்டர் சொன்ன அளவில் வேளை தவறாமல் கொடுங்கள். வலி அடங்கினால்தான் மூச்சை ஆழமாக இழுப்பார். விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை பத்து ஆழ்ந்த மூச்சு. இருமல் வந்தால் தலையணையை விலாவோடு அணைத்துக்கொண்டு இருமட்டும், அடக்க வேண்டாம். ஆறு வாரத்தில் பெரும்பாலும் சரியாகிவிடும், அதுவரை ஐஸ் பார் தூக்கக் கூடாது. மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, சளியில் இரத்தம் தெரிந்தாலோ, மயக்கமோ வயிற்று வலியோ வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலது கீழ் விலாக்களுக்குப் பின்னால் கல்லீரல் இருக்கிறது.

கேள்வி: வயது 42. சர்க்கரை வந்த பிறகு தினமும் நடந்து ஒன்பது கிலோ குறைந்தேன். இப்போது நெஞ்சுக் குழியில், இரண்டு பக்க விலாவும் சேரும் இடத்தில், கல் போல ஒன்று தட்டுப்படுகிறது. கட்டியோ என்று பயந்து தூக்கம் போய்விட்டது.
– ஒரு வாசகர், வியாசர்பாடி

பதில்: நீங்கள் சொல்லும் இடத்தை வைத்துப் பார்த்தால் அது பிறந்ததிலிருந்தே உங்களோடு இருப்பது, இத்தனை நாள் கொழுப்புக்கு அடியில் ஒளிந்திருந்தது. மார்பெலும்பை ஒரு வாளாகப் பார்த்தார்கள் பழைய உடற்கூறியலாளர்கள். மேலே பிடி, நடுவில் அலகு, அடியில் கூர்முனை. அந்த முனைதான் உங்கள் விரலில் படுகிறது. இளமையில் குருத்தெலும்பாக இருந்து, நாற்பது வாக்கில் எலும்பாக இறுக ஆரம்பிக்கும். சிலருக்கு முன்னால் துருத்திக்கொண்டிருக்கும், சிலருக்கு நுனி இரண்டாகப் பிளந்தும் இருக்கும். அடுத்த முறை சர்க்கரை பார்க்கப் போகும்போது டாக்டரிடம் ஒருமுறை தொட்டுக் காட்டுங்கள். வளர்ந்துகொண்டே போனால் மட்டும் அதுவரை காத்திருக்க வேண்டாம். இரவில் அதை அழுத்தி அழுத்திப் பார்ப்பதை விடுங்கள், அழுத்தினால் யாருக்கும் வலிக்கும்.

கேள்வி: ஆணுக்குப் பெண்ணைவிட ஒரு விலா குறைவு என்கிறார் பாட்டி. ஆட்டுக்கு நம்மைவிட அதிகம் என்கிறார் கறிக்கடை பாய். யார் சொல்வது சரி?
– எட்டாம் வகுப்பு மாணவன், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: பாய் ஜெயித்தார் தம்பி. ஆட்டுக்குப் பக்கத்துக்கு 13, நமக்கு 12. ஆணுக்கும் பெண்ணுக்கும் 24தான். 1543-லேயே வெசாலியஸ் என்ற உடற்கூறியல் அறிஞர் இதை எழுதி அச்சிட்டு, நிறையப் பேரின் கோபத்துக்கு ஆளானார். நூற்றில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்குக் கழுத்தடியில் ஒரு விலா கூடுதலாக முளைத்திருக்கும். அதிலும் ஆண், பெண் இருவரும் உண்டு.

எண்ணிப் பார்க்க வேண்டுமா? தொண்டைக் குழியிலிருந்து விரலை நேராகக் கீழே இறக்கு. சுமார் 5 செ.மீ. தள்ளி ஒரு குறுக்கு மேடு தட்டுப்படும். அதன் பக்கவாட்டில் இருப்பது இரண்டாவது விலா. டாக்டர்களும் அங்கிருந்துதான் எண்ணுவார்கள். முதல் விலா காறை எலும்புக்கு அடியில் பதுங்கியிருப்பதால் கைக்கு எளிதில் அகப்படாது. முதல் ஏழு விலாக்கள் மார்பெலும்பில் நேராகச் சேரும். எட்டு, ஒன்பது, பத்து மூன்றும் மேலே உள்ளவற்றின் தோளைப் பிடித்துத் தொங்கும். பதினொன்றும் பன்னிரண்டும் முன்னால் வருவதே இல்லை, முதுகோடு நின்றுவிடும். முன்பக்கம் மட்டும் எண்ணிவிட்டுப் "பத்துதான் இருக்கிறது, பாட்டி சொன்னது சரி" என்று எனக்கு இன்னொரு கடிதம் போடாதே.