தெரிந்த சொல்தான் ஏமாற்றும்

கேள்வி: பழைய பாணி ஆங்கிலப் பெயர்ப்பலகைகளில் 'யீ ஓல்ட்' என்று தொடங்குகிறார்களே, அந்த 'யீ' என்ன சொல்?

'தி'தான். 'யீ' என்று வாசிப்பதே தவறு. அதன் தொடக்கத்திலுள்ள 'த்' ஒலிக்குப் பழைய ஆங்கிலத்தில் 'தோர்ன்' என்று தனி எழுத்து இருந்தது. பழைய ஜெர்மானிய மக்களின் ரூன் எழுத்திலிருந்து வந்தது. நாளடைவில் கையெழுத்தில் அதன் உருவம் 'ஒய்' போல மாறிற்று. 1476-இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் தொடங்கினார். ஐரோப்பாவிலிருந்து வந்த அச்செழுத்துகளில் தோர்ன் கிடையாது. அச்சுக் கோத்தவர்கள் 'ஒய்' போட்டு, அதன் தலைமேல் பொடி 'ஈ' ஒன்றை ஏற்றிச் சமாளித்தார்கள்.

'நீங்கள்' என்று பொருள்படும் உண்மையான 'யீ'யும் உண்டு. 'ஈ' தலைமேல் ஏறியிருந்தால் அது 'தி'. வரியிலேயே நின்று அடுத்து வினைச்சொல் வந்தால் பெரும்பாலும் 'நீங்கள்'.

கேள்வி: ஆங்கிலச் சரித்திர நாடகம் ஒன்றுக்கு வசனம் எழுதுகிறேன். 'ஹீ ஹாஸ்ட்' என்று எழுதலாமா?

கூடாது. 'ஹேவ்' வினையின் 'ஹாஸ்ட்' வடிவம் 'நீ'க்கு உரியது. 'தௌ ஹாஸ்ட்', 'ஹீ ஹாத்' என்பதே சரி. மற்ற வினைகளிலும் 'தௌ'வுக்கு 'எஸ்ட்', 'ஹீ', 'ஷீ' இரண்டுக்கும் 'எத்'. 'ஐ'க்கு எந்த ஒட்டும் இல்லை. 'தௌ ஆர்ட்', 'தௌ ஷால்ட்', 'தௌ வில்ட்' மூன்றையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 'தௌ' நீ, 'தீ' உன்னை, 'தை' உன். அடுத்த சொல் உயிரொலியில் தொடங்கினால் 'தை' 'தைன்' ஆகும்.

எழுதுபவர்கள் இதைவிட அதிகம் சறுக்குவது மரியாதையில். ஜெபங்களில் கேட்டுப் பழகியதால் 'தௌ' பணிவான சொல் என்று நினைத்துவிடுகிறார்கள். அது ஒருமை. கடவுளை நாமும் 'நீ' என்றுதானே பாடுகிறோம்! எஜமானர் வேலைக்காரனைத் 'தௌ' என்பார், அவன் திருப்பி மரியாதையாக 'யூ' என்பான். 1603-இல் ஆங்கிலக் கடலோடி வால்டர் ராலே மீதான தேசத்துரோக வழக்கில் அரசுத் தரப்பில் வாதாடிய எட்வர்ட் கோக், 'தௌ'வையே வினைச்சொல்லாக்கி, 'துரோகியே, உன்னை நீ என்றுதான் அழைப்பேன்' என்ற பொருள்பட முழங்கினார். வசவே அந்த ஒருமைதான். ஆகவே ஒரு பாத்திரம் வசனத்தின் நடுவே 'யூ'விலிருந்து 'தௌ'வுக்கு இறங்கினால், அங்கே கோபமோ நெருக்கமோ தெரிய வேண்டும். காரணமில்லாமல் கலந்தால் வசனம் கெட்டுப்போகும்.

கேள்வி: 'வெர்ஃபோர்' என்றால் 'எங்கே' தானே?

இல்லை, 'ஏன்'. மாடத்தில் நிற்கும் ஜூலியட் ரோமியோவைத் தேடவில்லை. பகைக் குடும்பத்துப் பெயர் உனக்கு ஏன் வாய்த்தது என்று நொந்துகொள்கிறாள்.

கேள்வி: 1611-ஆம் ஆண்டு ஆங்கில பைபிளை வாசிக்கிறேன். சொற்கள் தெரிந்தவையாகவே இருக்கின்றன, பொருள்தான் பிடிபடவில்லை. ஏன்?

தெரியாத சொல் வந்தால் அகராதியைப் புரட்டுவோம். தெரிந்த சொல்லுக்கு யார் புரட்டுகிறார்கள்? அதில் 'ப்ரிவென்ட்' முந்திச் செல்வதைக் குறிக்கும், தடுப்பதை அல்ல. 'மீட்' பொதுவாக உணவு. 'சஃபர்' பல இடங்களில் 'அனுமதி'. 'குவிக்' என்பதற்கு 'உயிருள்ள' என்று பொருள். பாதரசத்துக்கு 'குவிக்சில்வர்' என்ற பெயர் இதனால்தான்.

'லெட்' இவை எல்லாவற்றையும்விட மோசம். பழைய ஆங்கிலத்தில் இரண்டு வினைகள் இருந்தன. ஒன்றின் பொருள் 'விடு', மற்றதன் பொருள் 'தடு'. ஒலி தேய்ந்து இரண்டும் ஒரே வடிவமாயின. ஷேக்ஸ்பியர் நாடகத்தில் ஹாம்லெட் தன்னைப் பிடித்து நிறுத்தும் நண்பர்களிடம், 'என்னை லெட் செய்பவனைக் கொல்வேன்' என்று மிரட்டுகிறான். 'விடு' என்று படித்தால் காட்சியே தலைகீழ். டென்னிஸில் வலையை உரசி விழும் சர்வீஸை 'லெட்' என்பதிலும், பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் 'ஹிண்ட்ரன்ஸ்' (தடை) என்ற சொல்லோடு ஜோடியாக வரும் 'லெட்'டிலும் இந்தத் 'தடு' இன்னும் இருக்கிறது.

கேள்வி: பழைய பொருளை அகராதியில் எப்படிச் சரிபார்ப்பது?

1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதிதான் இதற்கு ஏற்றது. பொருள்களைக் கால வரிசையில் தருவதால், முதலில் இருப்பது மிகப் பழைய பொருள். அதையே முதன்மைப் பொருளாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சிறு குத்துவாள் குறி இருந்தால் அது வழக்கொழிந்தது. 'ஆர்க்கேயிக்' என்றிருந்தால் பழைய வாடையோடு இன்னும் புழங்குகிறது. நீங்கள் வாசிக்கும் நூலின் ஆண்டைக் குறித்துக்கொண்டு, அந்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் மேற்கோள் உள்ள பொருளைத் தேர்ந்து, வாக்கியத்தில் பொருத்திப் பாருங்கள்.

சொல்லே அகப்படாவிட்டால் எழுத்தைக் கவனியுங்கள். 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை, சொல்லின் தொடக்கத்தில் 'வி'யும் நடுவில் 'யூ'வும் அச்சிடும் வழக்கம் இருந்தது. அதனால் இன்று 'யூ'வில் தொடங்கும் 'அப்பான்' என்ற சொல் அங்கே 'வி'யில் தொடங்கும். 'எஃப்' போலத் தெரிவது நீள 'எஸ்' ஆகவும் இருக்கலாம். குறுக்குக்கோடு தண்டின் இரு பக்கமும் நீண்டிருந்தால் 'எஃப்'. இடப்பக்கம் மட்டும் துருத்தினால் 'எஸ்'.